பெரிய நாய்களின் கதையும் குணமும்: திருகோணமலைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

பிள்ளைகளிடம் நாய்களைப் பற்றிப் பேச்செடுத்தால், கேள்விகள் விரைவிலேயே பெரிய நாய்கள் பக்கம் திரும்பிவிடுகின்றன. எது மிகப் பெரியது, எது ஆபத்தானது, எதை நம் வீட்டில் வளர்க்கலாம் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாயினத்தைப் புரிந்துகொள்ள விரும்பினால், அதன் முன்னோர் எந்த ஊரில், எந்தக் குளிரில் அல்லது வெயிலில், யாருக்காக என்ன வேலை செய்தன என்று விசாரியுங்கள். உருவமும் உரோமமும் பழக்கவழக்கமும் பெரும்பாலும் அந்த வேலையிலிருந்துதான் வந்தன.

எவ்வளவு பெரிதாக இருந்தால் பெரிய நாய் என்று சொல்லலாம்?

உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே கணக்கு இல்லை. வளர்ந்தபின் ஏறத்தாழ 25 கிலோவைத் தாண்டும் இனங்களைப் பெரியவை என்றும், 45 கிலோவைத் தாண்டுபவற்றை இராட்சத இனங்கள் என்றும் பலர் பிரிக்கிறார்கள். லாப்ரடோரும் அல்சேஷனும் முதல் வகை. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்றவை இரண்டாம் வகை. நாயின் உயரத்தைத் தரையிலிருந்து தோள்பட்டை வரைதான் அளப்பார்கள், தலையைச் சேர்ப்பதில்லை.

எல்லா நாய்களுக்கும் ஓநாய்தான் மூதாதை என்றால் ஏன் இத்தனை வேறுபாடு?

மனிதர்கள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால்தான். ஆடு காக்க நாய் வேண்டியவர், ஆட்டைக் கடிக்காத, நரிக்கு அஞ்சாத நாயின் குட்டிகளையே வைத்துக்கொண்டார். பன்றி வேட்டைக்காரர் வேகமும் உடல்பலமும் உள்ளதை வைத்துக்கொண்டார். பல தலைமுறைகள் இப்படியே போனால் உருவம் மாறிவிடும். நாயின் உடல் அளவைத் தீர்மானிப்பதில் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிப் புரதத்துக்கான மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2007இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

ஆனால் 'இந்த இனத்துக்கு இந்த நிறம், இந்த உயரம், இந்தக் காது' என்று சட்டம் எழுதிவைப்பது மிகவும் பிந்திய பழக்கம். இங்கிலாந்தில் நாய்க் கண்காட்சிகள் 1859இல் தொடங்கின. நாயினங்களைப் பதிவுசெய்யும் சங்கமான கென்னல் கிளப் 1873இல் உருவானது. அதற்கு முன்பு நாய்களைப் பெரும்பாலும் வேலையை வைத்தே அழைத்தார்கள். வைரவரின் வாகனமான நாய் எந்த இனம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் இதுதான் விடை. அந்த நாயின் கதை தோன்றிய காலத்தில் இன்றைய பொருளில் இனம் என்ற எண்ணமே கிடையாது.

செயின்ட் பெர்னார்ட் நாய் கழுத்தில் பீப்பாயுடன் பனியில் ஆட்களைக் காப்பாற்றியது உண்மையா?

காப்பாற்றியது உண்மை. பீப்பாய் மட்டும் பொய்.

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையில் ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீற்றர் உயரத்தில் ஒரு கணவாய் இருக்கிறது. நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையைவிட அது கொஞ்சம் குறைவு, ஆனால் ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும். அங்கே 11ஆம் நூற்றாண்டில் பெர்னார்ட் என்ற துறவி வழிப்போக்கர்களுக்காக ஒரு மடம் அமைத்தார். 17ஆம் நூற்றாண்டில் அந்த மடத்துத் துறவிகள் பெரிய நாய்களை வளர்க்கத் தொடங்கினார்கள். முதலில் காவலுக்குத்தான் வைத்திருந்தார்கள். பிறகு, மூடுபனியிலும் இந்த நாய்களுக்கு வழி தெரிகிறது, பனிக்குள் புதைந்த மனிதரை மோப்பத்தால் கண்டுபிடிக்கின்றன என்பதைக் கவனித்துத் தங்களுடன் கூட்டிச் சென்றார்கள்.

அவற்றில் புகழ்பெற்றது பாரி. 1800இல் பிறந்த அந்த நாய் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. கடைசியாகக் காப்பாற்றிய ஆள் அதை ஓநாய் என்று நினைத்துக் கொன்றுவிட்டதாகவும் ஒரு கதை உலவுகிறது. அது நடக்கவில்லை. முதுமையில் பாரியை பேர்ண் நகருக்குக் கொண்டுபோனார்கள், 1814இல் அங்கே அமைதியாக இறந்தது. அதன் பதப்படுத்தப்பட்ட உருவம் பேர்ண் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

பீப்பாய் எங்கிருந்து வந்தது? 1820இல் எட்வின் லான்ட்சீர் என்ற இளம் ஆங்கில ஓவியர், பனியில் விழுந்தவரை நாய்கள் காப்பாற்றும் காட்சியைத் தீட்டியபோது ஒரு நாயின் கழுத்தில் பிராந்திப் பீப்பாயையும் வரைந்துவிட்டார். பார்த்தவர்கள் நம்பிவிட்டார்கள். உறைந்துபோன ஒருவருக்கு மது கொடுத்தால் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து உடற்சூடு இன்னும் வேகமாக வெளியேறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பாரி இன்றைய செயின்ட் பெர்னார்டைவிடச் சிறியது. 19ஆம் நூற்றாண்டில் கடும் குளிராலும் நோயாலும் மடத்தின் நாய்கள் குறைந்தபோது நியூஃபவுண்ட்லாந்து இனத்துடன் கலந்தார்கள். நீண்ட உரோமமுள்ள குட்டிகள் பிறந்தன. அந்த உரோமத்தில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டு நாயையே கீழே இழுத்ததால், அவை மீட்பு வேலைக்கு உதவவில்லை. நாம் படங்களில் பார்த்து மயங்கும் சடைநாய் அந்த வேலைக்கு ஒவ்வாத உருவம் என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது.

கிரேட் டேன் டென்மார்க் நாயா?

இல்லை, ஜேர்மனிய நாய். பிரபுக்களின் காட்டுப்பன்றி வேட்டைக்காக அங்கே வளர்க்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் பூஃபோன் என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் 'பெரிய டேனிஷ் நாய்' என்று குறித்தார், ஆங்கிலேயரிடம் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஜேர்மனியர்கள் இன்றும் அப்படி அழைப்பதில்லை. டென்மார்க்காரர்கள் உண்மையாகவே வந்த ஊர் எது தெரியுமா? நம் ஊர்தான். 1620இல் ஓவே கெட்டே என்பவரின் தலைமையில் டேனியக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. இங்கே காலூன்ற முடியாமல் போகவே, அதே ஆண்டில் தமிழ்நாட்டின் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள்.

பன்றியை மடக்கிப் பிடித்த முன்னோரின் மூர்க்கம் இன்றைய கிரேட் டேனிடம் அதிகம் இல்லை. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக அமைதியான குட்டிகளையே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். ஆள்மீது சாய்ந்து நிற்பது அதற்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவின் மிச்சிகனில் வாழ்ந்த சியூஸ் என்ற கிரேட் டேன் தோள்பட்டை வரை 111.8 சென்ரிமீற்றர் உயரம் இருந்தது. கின்னஸ் பதிவுகளில் மிக உயரமான நாய் என்ற பெயர் பெற்ற அது 2014இல் இறந்தது.

கடற்படையில் சேர்ந்த நாய் ஏதாவது உண்டா?

துறைமுகத்து ஊரில் பிறந்த பிள்ளைகள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். உண்டு. அதுவும் ஒரு கிரேட் டேன்.

தென்னாபிரிக்காவின் கேப் டவுனுக்கு அருகில் சைமன்ஸ் டவுன் என்ற துறைமுகம் இருக்கிறது. திருகோணமலையைப் போலவே அதுவும் அக்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் தளம். 1937இல் பிறந்த இந்த நாய் அங்கே மாலுமிகளின் செல்லம். கப்பலுக்கு ஏறும் பலகையில் நீட்டிப் படுத்துக்கொண்டு யாரையும் ஏறவோ இறங்கவோ விடாததால் 'நியூசன்ஸ்', அதாவது தொல்லை, என்று பெயர் வைத்தார்கள்.

மாலுமிகள் கேப் டவுனுக்கு ரயிலில் போகும்போது நியூசன்ஸும் ஏறிவிடும். ஆறடி நீளத்துக்கு இருக்கைகளில் படுத்துக்கொள்ளும். டிக்கெட் இல்லாத அந்தப் பயணியை ரயில்வே அதிகாரிகள் இறக்கிவிட்டால் அடுத்த ரயிலில் ஏறும். கடைசியில், கட்டிவைக்காவிட்டால் நாயைக் கொன்றுவிடுவோம் என்று ரயில்வே எச்சரித்தது. மாலுமிகளும் ஊர்மக்களும் கொதித்துப் போய்க் கடிதம் எழுதினார்கள். கடற்படை ஒரு வழி கண்டுபிடித்தது. படையினருக்கு ரயில் இலவசம், ஆகவே நாயையே படையில் சேர்த்துவிட்டால் என்ன? 1939 ஆகஸ்ட் 25இல் முறைப்படி சேர்த்தார்கள். பெயருக்கு முன்னால் ஒரு முதற்பெயரும் தேவைப்பட்டதால் 'ஜஸ்ட் நியூசன்ஸ்' என்று எழுதினார்கள். பிரித்தானிய அரச கடற்படையில் முறைப்படி சேர்க்கப்பட்ட நாய் அது ஒன்றுதான்.

அது கடலில் போரிடவில்லை. மாலுமிகளுக்குள் சண்டை வந்தால் பின்னங்கால்களில் எழுந்து நின்று இருவர் தோளிலும் முன்னங்கால்களைப் போட்டு விலக்கும் என்றும், இரவில் தடுமாறித் திரும்புபவர்களைப் படுக்கை வரை கூட்டிவரும் என்றும் சொல்வார்கள். ஓடும் வண்டியிலிருந்து குதித்தபோது ஏற்பட்ட காயத்தால் நோய் முற்றி, 1944 ஏப்ரல் 1இல், தன் ஏழாவது பிறந்தநாளில், அதன் வாழ்வு முடிந்தது. துப்பாக்கி வேட்டு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். சைமன்ஸ் டவுனில் அதற்குச் சிலை இருக்கிறது. ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கிய அதே போர்க்காலத்தில்தான் இந்த நாயும் கடற்படைப் பதிவேட்டில் தன் பெயரைப் பதித்திருந்தது.

கடலில் நன்றாக நீந்தும் பெரிய நாய் எது?

நியூஃபவுண்ட்லாந்து. கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள அதே பெயருள்ள தீவின் மீனவர்கள் வளர்த்தது. உப்புவெளியில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தீவில் வலையை இழுக்கவும் மீன் வண்டியை இழுக்கவும் இந்த நாய் உதவியது. விரல்களுக்கிடையில் நன்கு வளர்ந்த சவ்வு, நீர் புகாத எண்ணெய்ப்பசை கொண்ட உரோமம், அறுபது கிலோவைத் தாண்டும் உடல், எல்லாமே குளிர்ந்த அத்திலாந்திக் கடலுக்கானவை. இன்றும் இத்தாலியின் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்களுடன் வேலை செய்கின்றன.

நம் ஊரில் அடிக்கடி காணும் லாப்ரடோரின் வேரும் அந்தத் தீவில்தான் இருக்கிறது. தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்விவந்த மீனவர் நாய்களை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுக்கள் கொண்டுபோய், சுட்ட வாத்தை எடுத்துவரப் பழக்கினார்கள். இங்கிலாந்து கென்னல் கிளப் 1903இல் லாப்ரடோரைத் தனி இனமாக ஏற்றது. செருப்பு, பந்து, பக்கத்து வீட்டுத் துவாய் என்று எதையும் உங்கள் லாப்ரடோர் வாயில் தூக்கிக்கொண்டு வந்தால், அது தன் பாட்டன் வேலையைச் செய்கிறது.

லாப்ரடோருக்கு ஏன் எப்போதும் பசி?

சிலவற்றுக்கு உண்மையாகவே பசி அடங்குவதில்லை. லாப்ரடோர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவின் ஒரு துண்டு காணப்படுவதில்லை, அதனால் வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை என்று 2016இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியது. அது கெஞ்சும் கண்களுக்காகச் சோறு போட்டுக்கொண்டே இருந்தால் மூட்டுகள்தான் பாழாகும்.

அல்சேஷனும் ஜேர்மன் ஷெப்பர்டும் வேறு வேறா?

ஒன்றுதான். முதலாம் உலகப் போரின் கசப்பில் ஜேர்மனிப் பெயரைச் சொல்ல விரும்பாத பிரித்தானியர் வைத்த பெயர் அல்சேஷன், அவர்கள் ஆண்ட நம் நாட்டிலும் அது தங்கிவிட்டது. மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபனிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி 1899இல் ஹோரண்ட் என்ற மேய்ப்பு நாயை வாங்கி, அதிலிருந்து இந்த இனத்தைத் தொடங்கினார். அழகைவிட வேலைத் திறனே முக்கியம் என்பது அவர் கொள்கை. மந்தைகள் குறையத் தொடங்கியதும் பொலிஸுக்கும் இராணுவத்துக்கும் இந்த நாயைப் பழக்கினார்கள். போரில் பார்வையிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் 1916இல் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே பழக்கியதும் இந்த இனத்தைத்தான்.

ரொட்வைலரும் டொபர்மேனும் கெட்ட நாய்களா?

இந்தக் கேள்வியை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியாது. ரொட்வைலர் தெற்கு ஜேர்மனியில் ரொட்வைல் என்ற ஊரின் இறைச்சிக் கடைக்காரர்களுடன் வாழ்ந்தது. மாடுகளை ஓட்டிச் சென்றது, வண்டி இழுத்தது. ரயில் வந்து மாடுகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியதும் வேலை போய், இனமே அழியும் நிலைக்கு வந்தது. டொபர்மேன் அபோல்டா என்ற ஊரில் வரி வசூலித்த கார்ல் டொபர்மேன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கியது. கையில் பணத்துடன் ஊர் சுற்றுபவருக்கு விழிப்பான, வேகமான துணை தேவைப்பட்டது. ஆகவே இரண்டும் தம் வீட்டாரைக் காக்கும் இயல்புள்ளவை. பலமும் அதிகம். கடித்தால் காயம் ஆழமாக இருக்கும். இதை மறைப்பது சரியல்ல.

ஆனால் இனத்தின் பெயரைக் கேட்டே குணத்தைத் தீர்ப்பதும் சரியல்ல. 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, 18,000க்கும் அதிகமான நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, மரபணுக்களையும் ஒப்பிட்டது. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தை மட்டுமே இனத்தை வைத்து விளக்க முடிந்தது. மீதி வளர்ப்பு, அனுபவம், அந்த நாய்க்கே உரிய இயல்பு.

நம் ஊரில் நான் காணும் பெரிய கொடுமை சங்கிலி. காவலுக்கென்று குட்டியை வாங்கி, வாசலில் கட்டி, இரவில் மட்டும் அவிழ்த்துவிடுகிறார்கள். குட்டிப்பருவத்தில் மனிதரையும் பிற நாய்களையும் பார்த்துப் பழகாத நாய், எல்லாவற்றையும் பகையாகவே பார்க்கும். முதல் மூன்று நான்கு மாதங்களில் அது பார்த்த, மோந்த, பழகிய உலகம்தான் பின்னால் அதன் துணிவாகிறது. பகல் முழுதும் ஒரே கம்பத்தில் கிடந்த நாய் ஒருநாள் பிள்ளையைக் கடித்தால், 'அந்த இனமே அப்படித்தான்' என்று சொல்லித் தப்பிக்க வளர்த்தவருக்கு உரிமை இல்லை.

தமிழர் வளர்த்த பெரிய நாய்கள் உண்டா?

விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் உண்டு. பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பெயர்போனது. இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரியில் உள்நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட முத்திரைகளில் அதுவும் இருந்தது. ஒருவருடனேயே ஒட்டிக்கொள்ளும், அந்நியரை எளிதில் நெருங்கவிடாது. வெள்ளை நிறத்தையே தேடித்தேடி இணைத்ததால் இந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கின்றன. முயலை விரட்டிப் பிடிக்கும் மெலிந்த சிப்பிப்பாறையும் கன்னியும், கட்டுமஸ்தான கோம்பையும் தமிழ்நாட்டின் மற்ற இனங்கள்.

ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாய் ஆட்டைக் கடிக்காதா?

கடிக்காது, சிறுவயதிலிருந்தே ஆடுகளுடன் வளர்ந்தால். துருக்கியின் மேட்டு நிலத்து அனத்தோலிய நாய்கள் இதற்குப் பேர்போனவை. நமீபியாவில் சிவிங்கிப்புலிகள் (ஆங்கிலத்தில் சீட்டா) ஆடுகளைக் கொல்வதால் விவசாயிகள் அவற்றைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1994 முதல் அங்குள்ள சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் இந்த நாய்க்குட்டிகளை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறது. நாய் சிவிங்கிப்புலியை விரட்டிக்கொண்டு போவதில்லை. ஆட்டுக்கும் சிவிங்கிப்புலிக்கும் நடுவில் நின்று குரைக்கிறது. காயப்படும் ஆபத்தை விரும்பாத சிவிங்கிப்புலி திரும்பிவிடுகிறது. ஆடும் பிழைக்கிறது, சிவிங்கிப்புலியும் பிழைக்கிறது. நாய்களைப் பற்றிய செய்திகளில் என்னை அதிகம் மகிழ்வித்தது இதுதான்.

பெரிய நாய்கள் ஏன் சீக்கிரம் இறந்துவிடுகின்றன?

கிரேட் டேன் எட்டு முதல் பத்து ஆண்டுகள் வாழும், சிறிய நாய்கள் பதினைந்தைக்கூடத் தொடும். பிறக்கும்போது அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும் கிரேட் டேன் குட்டி ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு மடங்காகிறது. அந்த வேகமான வளர்ச்சியைத் தொடர்ந்து மூப்பும் வேகமாக வருகிறது.

ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும். வயிறு வீங்கி, வாந்தி வராமலே ஓங்கரித்தால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். காலைவரை பொறுத்தால் நாய் பிழைக்காது. உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், சாப்பிட்டவுடன் ஓடவிடாமல் இருப்பதும் நல்லது.

திருகோணமலை வெயிலில் எந்தப் பெரிய நாயை வளர்க்கலாம்?

செயின்ட் பெர்னார்டையோ நியூஃபவுண்ட்லாந்தையோ திபெத்திய மாஸ்டிஃபையோ தயவுசெய்து கேட்காதீர்கள். திபெத்திய மாஸ்டிஃப் ஒட்சிசன் குறைந்த உயரத்தில் வாழ்வதற்கான மரபணு மாற்றத்தைத் திபெத்திய ஓநாயிடமிருந்து பெற்ற நாய். அதைக் கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் கடல்மட்டத்தில் கட்டிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இரட்டை உரோமப் போர்வையுடன் அது எவ்வளவு முடியும்?

குட்டை உரோமமுள்ள லாப்ரடோர், ராஜபாளையம் போன்றவை ஓரளவு தாங்கும். அவற்றுக்கும் நிழல், நாள்முழுதும் தண்ணீர், காற்றோட்டம் வேண்டும். நடை காலை ஏழு மணிக்கு முன்னும் சூரியன் சாய்ந்த பின்னும்தான். புறங்கையைத் தார் வீதியில் வைத்துப் பாருங்கள். உங்களால் ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். கோட்டைப் பக்கம் நடக்கப் போனால் கயிற்றை விடவே கூடாது, அங்கே புள்ளிமான்கள் திரிகின்றன, வேட்டை இரத்தமுள்ள நாய் கட்டளையை மறந்துவிடும்.

என்னைக் கேட்டால், இந்த மண்ணுக்கு மிகப் பொருத்தமானது ஊர்நாய்தான். பல தலைமுறைகளாக இந்த வெயிலிலேயே வாழ்ந்து தேறியது. கட்டாக்காலிக் குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்த்தால் காவலும் கிடைக்கும், பாசமும் கிடைக்கும்.

தெரியாத பெரிய நாய் எதிரில் வந்தால் என்ன செய்வது?

ஓடக்கூடாது. ஓடுவதை விரட்டுவது நாயின் இயல்பு. கைகளை உடலோடு சேர்த்து அசையாமல் நில்லுங்கள், கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள், கத்தாதீர்கள். பெரும்பாலும் மோந்துவிட்டுப் போய்விடும். வளர்ப்பவருடன் வரும் நாயாக இருந்தால், "அண்ணா, தொடலாமா?" என்று கேட்டபின், அது உங்களை மோந்து பார்க்க இடம்கொடுத்து, நெஞ்சுப் பக்கமாகத் தடவுங்கள். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோனால் பல நாய்கள் அஞ்சும். சாப்பிடும், தூங்கும், குட்டி ஈன்ற நாயிடம் போகவே வேண்டாம், அது உங்கள் வீட்டு நாயானாலும்.

கடித்துவிட்டால்?

சிறு கீறலானாலும் மறைக்காமல் அம்மா அப்பாவிடம் உடனே சொல்லுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில் மறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. அதற்கு முன்பே ஊசி போட்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் பூசக்கூடாது. பிறகு அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அங்கே ஊசி இலவசம். நாயை அடித்துக் கொல்லாமல், முடிந்தால் பாதுகாப்பாகக் கட்டிவைத்து, வைத்தியர் சொல்லும் நாள்வரை கவனியுங்கள். அடுத்தடுத்த ஊசிகளுக்கான திகதிகளை எழுதித் தருவார்கள். காயம் ஆறிவிட்டது என்று அவற்றில் எதையும் விட்டுவிடக் கூடாது.